மூன்றரை லட்சத்துக்கு எந்த மெஷின் வாங்கலாம்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஆறு வருடம் டிசைனராக வேலை பார்த்தேன். நான்கு மாதமாக வீட்டில் இருந்தே டி-ஷர்ட் ஆர்டர் எடுத்து, வெளியில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். இதுவரை 11 ஆர்டர், மொத்தம் 216 பீஸ். கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது. நகையை அடகு வைத்த பணமும் அதில் சேர்த்தி. டிடிஎஃப் மெஷினுக்கு (ஃபிலிமில் அடித்து, சூட்டில் துணியில் ஒட்டும் முறை) 2,85,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். என் மாமா, ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் (சல்லடைத் துணி வழியாக இங்க்கைத் தேய்த்து இறக்குவது) காலத்துக்கும் நிற்கும் என்கிறார். சப்ளிமேஷனில் (காகிதத்தில் அடித்து, சூட்டில் சாயத்தைத் துணிக்கு ஏற்றுவது) செலவே இல்லை என்கிறார்கள் சிலர். டிடிஜிதான் (துணி மேலேயே நேராக அடிப்பது) தரம் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது? தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் குழு ஒன்று 120 டி-ஷர்ட் கேட்டிருக்கிறது. அதை எப்படிப் போடுவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, கடைசித் தாளில் பென்சிலால் எழுதியிருந்த ஆர்டர் பட்டியல்தான். மெஷின் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெஷின் படத்தை அனுப்புவார்கள். யாருக்கு, எத்தனை பீஸ், எத்தனை கலர் போடப்போகிறோம் என்பதை எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். டிடிஎஃப் மெஷின் இப்போது வேண்டாம். சூடான தட்டால் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ், நல்லதாக ஒன்று மட்டும் வாங்குங்கள். டிடிஎஃப் ஃபிலிமை மீட்டர் கணக்கில் வெளியில் அடித்து வாங்கி, வீட்டில் நீங்களே ஒட்டுங்கள். எண்ணிக்கை கூடி, கலர் குறைந்த ஆர்டர் வந்தால் ஸ்க்ரீன் பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்புங்கள். நகையை மீட்டுவிடுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். வாருங்கள், உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். காலேஜ் டிபார்ட்மென்ட் 60, கோயில் திருவிழாக் கமிட்டி 45, குடும்ப டூர் 22, கபடி டீம் 14. மீதி ஏழு ஆர்டரும் சேர்த்து 75 பீஸ். அதில் ஒன்று ஒரே ஒரு பீஸ், யாரோ அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு. சராசரி பார்த்தால் மாதம் 54 பீஸ்.

ஃபிலிம் 60 சென்டிமீட்டர் அகல ரோல். ஓரம் போக 58 சென்டிமீட்டர் அடிக்கலாம். நெஞ்சில் வருகிற டிசைன் ஏ4 அளவு என்றால், இரண்டு இரண்டாக நிறுத்தினால் ஒரு மீட்டரில் ஆறு பிடிக்கும். அதே டிசைனைப் படுக்கைவாக்கில் 28 சென்டிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள். பக்கத்தில் இரண்டு, கீழே நான்கு வரிசை என எட்டு பிடிக்கும். ஏ4 முழு அகலம் 29.7. அந்த ஒன்றே முக்கால் சென்டிமீட்டரைக் குறைத்தால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, உங்களுக்கு மீட்டருக்கு இரண்டு பீஸ் சும்மா கிடைக்கும். டிசைனர் கையில் இருக்கும் லாபம் இது. மெஷின் வைத்திருக்கிறவர் உங்களுக்காக இதைச் செய்து தரமாட்டார்.

சரி, மீட்டருக்கு எட்டு என்றால் மாதம் 54 பீஸுக்கு ஏழு மீட்டர் போதும். ஃபிலிம் விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக மீட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,100 ரூபாய். சொந்த மெஷினில் அடித்தால் இங்க், ஃபிலிம், பவுடர், கரண்ட் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 120 ரூபாய் அடங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மீட்டருக்கு 180, ஏழு மீட்டருக்கு 1,260 ரூபாய். 2,85,000 ரூபாயை 1,260 ஆல் வகுத்தால் 226 மாதம் வரும். கிட்டத்தட்ட 19 வருடம். அதற்குள் உங்கள் பிள்ளை காலேஜ் டி-ஷர்ட் கேட்கும் வயதுக்கு வந்துவிடும்.

கொட்டேஷன் கொடுத்தவர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டியிருப்பார். ஒரு மணி நேரத்தில் இத்தனை மீட்டர், ஒரு நாளைக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை லட்சம் என்று. மெஷின் அவ்வளவு அடிக்கும், பொய் இல்லை. அடிப்பதற்கு ஆர்டர் யார் கொண்டுவருவது என்பதுதான் அதில் இருக்காது.

இதில் பணத்தை விடப் பெரிய சிக்கல் வெள்ளை இங்க். டிடிஎஃப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். ஃபிலிமில் முதலில் கலரை அடிக்கும், அதன் மேல் வெள்ளையை அடிக்கும். ஈரம் காய்வதற்குள் பசைப் பவுடரைத் தூவி, சூட்டில் உருக்கி எடுக்க வேண்டும். பிறகு துணியில் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி, ஃபிலிமை உரித்தால் டிசைன் துணியில் நிற்கும். கறுப்புத் துணியில்கூடக் கலர் பளிச்சென்று தெரிவது கீழே இருக்கும் அந்த வெள்ளையால்தான். அந்த வெள்ளைக்குள் இருப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு. கனமான தூள். சும்மா விட்டால் அடியில் தங்கும், குழாயில் தங்கும், கடைசியில் இங்க்கைப் பீச்சும் ஹெட்டில் போய் அடைக்கும். அதனால் தினமும் கொஞ்சமாவது ஓட்ட வேண்டும். ஆர்டர் இல்லாத நாளிலும் வெறும் கோடாவது அடித்துத் தள்ள வேண்டும். மாட்டுக்குத் தீனி போடுவது மாதிரி. பால் கறக்காத நாளிலும் தீனி உண்டு.

இந்தப் பாடத்தை நான் சொந்தக் காசில் படித்தேன். திருப்பூரில் பத்து டேபிள் போட்டு ஸ்க்ரீன் பிரிண்டிங் ஓட்டிக்கொண்டிருந்தவன், கையில் கொஞ்சம் பணம் புரண்டதும் ஒரு டிடிஜி மெஷின் வாங்கினேன். டி-ஷர்ட்டைத் தட்டில் மாட்டி, காகிதத்தில் அடிப்பது மாதிரி துணி மேலேயே அடிக்கும் மெஷின். அதற்கும் வெள்ளை இங்க்தான் உயிர். தீபாவளி வந்தது. திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், போனஸ் கொடுத்த மறுநாள் ஊரே காலியாகிவிடும். ஆபரேட்டரும் ஊருக்குப் போனார், நானும் மெஷினை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்து ஆன் செய்தால் வெள்ளை வரவே இல்லை. விற்றவரிடம் கேட்டால், தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்றார். போட்டிருந்தது, உண்மைதான். ஹெட் மாற்றிய செலவில் ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம்.

டிடிஜி உங்களுக்கு வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு கதையே போதும். முழுக் காட்டனில், வெளிர் நிறத் துணியில் அதன் பிரிண்ட் அழகு தனிதான். தொட்டால் துணி மாதிரியே இருக்கும். ஆனால் அடர் நிறத் துணி என்றால் ஒவ்வொரு பீஸுக்கும் முன்னாலேயே ஒரு திரவம் தெளித்து, காய வைத்து, அப்புறம்தான் அடிக்க முடியும். நல்ல மெஷினின் விலை உங்கள் கையிருப்பைப் போல் பல மடங்கு.

மாமா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் தப்பில்லை. நானே ஸ்க்ரீனில் சோறு சாப்பிட்டவன். ஸ்க்ரீன் பிரிண்டின் குணம் ஒன்றுதான்: அது எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது. ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன். ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் ஃபிலிம் எடுத்து, மெஷ் என்கிற சல்லடைத் துணியில் எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) பூசி, வெளிச்சம் காட்டி, கழுவி எடுக்க வேண்டும். பத்து பீஸ் அடித்தாலும் அதே செலவு, ஆயிரம் பீஸ் அடித்தாலும் அதே செலவு. கணக்குக்காக ஒரு ஸ்க்ரீனுக்கு 400 ரூபாய், ஒரு கலர் அடிக்கக் கூலி பீஸுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கலர் டிசைன் பத்து பீஸ் போட்டால் ஸ்க்ரீன் செலவே பீஸுக்கு 160, கூலி 24, ஆக 184 ரூபாய். அதையே 200 பீஸ் போட்டால் 32 ரூபாய்.

டிடிஎஃப்பில் எத்தனை கலர் வந்தாலும் நாம் போட்ட கணக்கில் பீஸுக்கு 37 ரூபாய் 50 காசு. ஒரு பீஸுக்கும் அதே விலை, நூறு பீஸுக்கும் அதே விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கலர் என்றால் 13 பீஸிலேயே ஸ்க்ரீன் மலிவாகிவிடுகிறது. நான்கு கலர் என்றால் 118 பீஸ் தாண்ட வேண்டும். கறுப்புத் துணியில் மஞ்சள் எழுத்து மாதிரி இருந்தால், மஞ்சளுக்கு அடியில் வெள்ளை ஒரு கோட் வேண்டும். அதற்கு ஒரு ஸ்க்ரீன் கூடும், 32 பீஸில் சமமாகும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்தில் வாங்கும் ரேட்டைப் போட்டு நீங்களே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆர்டர் வந்ததும் முதலில் எத்தனை பீஸ், எத்தனை கலர், துணி வெளிர் நிறமா அடர் நிறமா என்று மூன்று கேள்வி. பதிலைப் பார்த்ததுமே எங்கே அனுப்புவது என்று தெரிந்துவிடும். சின்ன எண்ணிக்கை எடுக்காத ஸ்க்ரீன் யூனிட்களும் உண்டு. 50 பீஸுக்குக் கீழே முகம் சுளிப்பார்கள். அதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்க்ரீன் பிரிண்டிங்கை நீங்கள் வீட்டில் தொடங்குவதை நான் விரும்பவில்லை. இரண்டு கலருக்கு மேல் போனால் ரிஜிஸ்டர் உட்கார, அதாவது ஒவ்வொரு கலரும் விலகாமல் அதனதன் இடத்தில் விழ, கை பழக வேண்டும். பிளாஸ்டிக் கலந்த பிளாஸ்டிசால் இங்க் என்றால் மேலே மட்டும் காய்ந்தால் போதாது, இங்க்கின் அடி வரை சுமார் 160 டிகிரி சூடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் நான்காவது துவைப்பில் வெடித்து உதிரும். அப்புறம் தண்ணீர். ஸ்க்ரீன் கழுவினால் கலர் தண்ணீர் வரும், எமல்ஷன் தண்ணீர் வரும். அதை வீட்டுச் சாக்கடையில் விடக்கூடாது. நொய்யல் ஆற்றை நாங்கள் என்ன செய்தோம், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் ஊர் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவன் சொல்கிறேன். சின்ன அளவுதானே என்றுதான் எல்லோரும் தொடங்கினோம்.

சப்ளிமேஷன் பற்றி உங்களுக்குச் சொன்னவர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். செலவு குறைவு, உண்மைதான். காகிதத்தில் அடித்து 190, 200 டிகிரியில் ஒரு நிமிடம் போல அழுத்தினால் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, எத்தனை துவைத்தாலும் உரியாது. ஆனால் அது பாலியெஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும். காட்டனில் இரண்டு மூன்று துவைப்பில் வெளிறிப்போகும். இதில் வெள்ளை இங்க் கிடையாது என்பதால் துணியும் வெள்ளையாகவோ மிகவும் வெளிராகவோ இருந்தாக வேண்டும். உங்கள் பட்டியலில் இதற்குப் பொருந்துவது கபடி டீம் மட்டும்தான்.

கபடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சிவப்புப் பாலியெஸ்டர் ஜெர்சியில் வெள்ளை நம்பர் ஒட்டிக் கொடுத்தோம், 14 பேருக்கு. காலையில் கொடுத்தபோது பால் மாதிரி வெள்ளை. மூன்றாம் நாள் கேப்டன் போன் செய்தார், "அண்ணா, நம்பர் எல்லாம் ரோஸ் கலர் ஆயிடுச்சுங்க." பாலியெஸ்டர் துணியில் இருக்கும் சாயம் சூடு பட்டதும் கிளம்பி மேலே இருக்கும் வெள்ளைக்குள் ஏறிவிடுகிறது. அடர் சிவப்பு, மெரூன், நேவி ப்ளூ மூன்றிலும் இது அதிகம். இதைத் தடுக்கத் தனி ஃபிலிம், தனிப் பவுடர் இருக்கிறது. கேட்டு வாங்கி, சூட்டையும் குறைத்து ஒட்ட வேண்டும். ஆனால் டீம் ஜெர்சிக்கு ஒழுங்கான வழி, டாட் நிட் என்கிற வெள்ளைப் பாலியெஸ்டர் துணியை வெட்டி, பீஸ் பீஸாக முழு சப்ளிமேஷன் அடித்துப் பிறகு தைப்பது. அதைச் செய்து தரும் யூனிட் திருப்பூரில் நிறைய. நீங்கள் டிசைனும் பெயர், நம்பர், சைஸ் பட்டியலும் கொடுத்தால் போதும், தைத்தே வரும்.

இப்போது ஹீட் பிரஸ். 40,000 ரூபாய் ஒதுக்குங்கள், அதற்குள் முடிந்தால் மிச்சம். 15-க்கு 15 இன்ச் மெஷினைப் பார்த்து மயங்க வேண்டாம். முதுகில் பெரிய டிசைன் வந்தால் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கும், நடுவில் கோடு விழும். 16-க்கு 24 இன்ச் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுபோங்கள். மெஷினை 160-ல் வைத்து, கால் மணி நேரம் சூடாகட்டும். பிறகு தட்டின் நான்கு மூலை, நடு, ஓரம் என்று ஒன்பது இடத்தில் குறி வைத்துப் பாருங்கள். மூலைக்கும் நடுவுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அந்த மெஷின் வேண்டாம். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே விற்பவர் உங்களிடம் வேறு மாதிரி பேசுவார்.

இந்த அளவு மெஷின் இரண்டு முதல் மூன்று கிலோவாட் இழுக்கும். ஹாலில் டிவி மாட்டியிருக்கும் பிளக்கில் சொருகாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக் போடுங்கள். மெஷின் விலையோடு அந்தச் செலவையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. முதலில் வெறும் டி-ஷர்ட்டை ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். மழைக்காலத்தில் இதை விட்டால் ஓரம் தூக்கும். பிறகு 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 விநாடி. ஃபிலிம் கொடுப்பவர் என்ன சொல்கிறாரோ அதுதான் சரி, ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். ஆறிய பிறகு உரிக்கும் வகை என்றால் நிஜமாகவே ஆற விடுங்கள். அவசரத்தில் உரித்தால் எழுத்து ஃபிலிமோடு போய்விடும். உரித்தபின் டெஃப்லான் ஷீட்டை மேலே வைத்து இன்னொரு தடவை அழுத்துங்கள். பிளாஸ்டிக் பளபளப்பு குறைந்து துணியோடு இழையும்.

உங்கள் ஆறு வருட ஃப்ளெக்ஸ் அனுபவம் பெரிய சொத்து. ஆனால் அதில் வந்த மூன்று பழக்கங்களை மட்டும் விட்டுவிட வேண்டும். ஃப்ளெக்ஸை ரோட்டில் போகிறவர் இருபது அடி தூரத்தில் இருந்து பார்க்கிறார், 72 ரெசல்யூஷன் போதும். டி-ஷர்ட்டை எதிரே நின்று பேசுகிறவர் பார்க்கிறார், 300 வேண்டும். இரண்டாவது, எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம், நிழல் போடுகிற பழக்கம். எல்லா ஃப்ளெக்ஸ் டிசைனருக்கும் இது உண்டு, கோபிக்காதீர்கள். டிடிஎஃப்பில் அரைகுறையாக மங்கும் இடத்துக்கு அடியிலும் வெள்ளை விழும், பசை ஒட்டும். கறுப்பு டி-ஷர்ட்டில் எழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும். ஓரங்கள் வெட்டினாற்போல் இருக்க வேண்டும். மங்கிப் போவது அவசியம் என்றால் புள்ளி புள்ளியாக உடைத்துப் போடுங்கள்.

மூன்றாவது, இடம் முழுவதையும் கலரால் நிரப்புவது. அடிக்கிற வெயிலில் நெஞ்சில் ஏ3 அளவுக்குச் சதுரமாக ஃபிலிம் ஒட்டினால், போட்டிருக்கிறவருக்கு பாலித்தீன் கவரைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். காற்றே போகாது. அடுத்த தடவை அவர் உங்களிடம் வரமாட்டார், ஏன் என்றும் சொல்லமாட்டார். கறுப்பு டி-ஷர்ட் என்றால் டிசைனில் இருக்கும் கறுப்பை எல்லாம் அழித்துவிடுங்கள். துணியின் கறுப்பே அந்த வேலையைப் பார்க்கும். பிரிண்ட் லேசாகும், வளையும், இங்க்கும் குறையும்.

தமிழ் எழுத்தில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. புள்ளி. சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசை பிடிக்க இடமில்லாமல் துவைக்கத் துவைக்க அது முதலில் விழும். சூட்டில் ஒட்டும் வினைல் ஷீட்டில் எழுத்தை வெட்டினால் உரிக்கும்போதே கையோடு வந்துவிடும். "நண்பர்கள் குழு" என்று போட்டது மூன்று மாதத்தில் "நணபரகள குழு" ஆகிவிடும். புள்ளி பெரிதாக இருக்கும் எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் புள்ளியை மட்டும் பிடித்துப் பெரிதாக்குங்கள்.

துணி விஷயம் பெரிய கடல், இப்போது கொஞ்சம் மட்டும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை), பயோ வாஷ் செய்து மேல் பஞ்சு நீக்கிய காட்டன் என்றால் பெரும்பாலான ஆர்டருக்குச் சரியாக இருக்கும். திருப்பூர் காதர்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்து வாங்குங்கள். வழவழவென்று வழுக்குகிற துணியைக் கண்டால் சிலிக்கான் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது கைக்கு நன்றாக இருக்கும், பிரிண்டைப் பிடிக்க விடாது. ஒரு ஆர்டரின் எல்லா சைஸையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணியில் எடுங்கள். கறுப்பு என்பது ஒரு கலர் இல்லை, லாட்டுக்கு ஒரு கறுப்பு உண்டு. குரூப் போட்டோ எடுத்தால் தெரியும்.

புது ஃபிலிம் கடையோ, புதுத் துணியோ எதுவானாலும் முதல் பீஸை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள், வீட்டில் யாருக்காவது போட்டுவிடுங்கள். ஒரு நாள் கழித்து வழக்கம் போல வாஷிங் மெஷினில் ஐந்து தடவை துவையுங்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். வெடிப்போ கறையோ இல்லாவிட்டால் அந்தக் கடையை விடாதீர்கள், பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் சரி.

நடிகர் படம், கிரிக்கெட் அணி லோகோ கேட்டு நிறையப் பேர் வருவார்கள். உரிமை இல்லாமல் போட்டு விற்காதீர்கள். அவ்வளவுதான்.

பில்லில் டிசைனுக்கென்று தனியாக ஒரு தொகை எழுதுகிறீர்களா? உங்கள் பட்டியலில் அது எங்கும் இல்லை. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் இலவசம், அங்கே அடிக்கும் சதுர அடியில் காசு வந்துவிடும். இங்கே மெஷின் உங்களுடையது இல்லை, உங்களிடம் இருக்கும் ஒரே உற்பத்தி அந்த டிசைன்தான். 22 பேர் குடும்ப டூர் டி-ஷர்ட்டுக்கு ஒவ்வொருவர் முகத்தையும் கார்ட்டூனாக வரைந்து கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த ஆர்டரில் இருந்து அந்தத் தொகையை எழுதுங்கள்.

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் 100 மீட்டர் ஃபிலிம் வெளியில் வாங்கும் நிலை வந்து, அது மூன்று மாதம் தொடர்ந்தால் மறுபடி எழுதுங்கள். அதே மீட்டருக்கு 180 கணக்கில் மாதம் 18,000 மிச்சமாகும், 16 மாதத்தில் மெஷின் விலை திரும்பும். தினமும் நான்கு மீட்டர் ஓடுவதால் வெள்ளை இங்க்கும் அடைக்காது. அப்போதும் மெஷின் விலையை விட, ஹெட் போனால் எத்தனை நாளில் ஆள் வருவார், எந்த ஊரில் இருந்து வருவார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இனி பழனி. 120 பீஸ், கமிட்டி சொன்னபடி மஞ்சள் துணியில் மெரூன் ஒரே கலர், முன்னால் சின்ன வேல், பின்னால் குழுவின் பெயரும் ஊரும். கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரீனுக்கு அனுப்புங்கள். இரண்டு ஸ்க்ரீன் 800 ரூபாய், கூலி பீஸுக்கு 12, ஆக ஒரு பீஸுக்கு 19 ரூபாய்க்குள் முடியும். தண்ணீர் கலந்த இங்க்கான வாட்டர் பேஸ் பிக்மெண்ட் போடச் சொல்லுங்கள். வெளிர் நிறத் துணியில் அது நூலோடு ஊறிவிடும், நாள் முழுவதும் நடந்து வியர்க்கிறவர்களுக்கு முதுகில் ஒட்டாது. சைஸ் எழுதும்போது எல்லோருக்கும் ஒரு சைஸ் தூக்கலாகவே எழுதுங்கள், விரதத்துக்குப் போடுகிற உடுப்பை யாரும் இறுக்கமாகக் கேட்பதில்லை.

தேதியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். தைப்பூசத்துக்கு நாள் இருக்கிறது என்று நினைப்பீர்கள், ஆனால் நடுவில் பொங்கல் வருகிறது. அந்த வாரம் திருப்பூரில் துணியும் கிடைக்காது, அடிக்க ஆளும் இருக்காது. குழு கிளம்புவதும் பூசத்துக்குச் சில நாள் முன்பே. அதனால் மார்கழி பாதிக்குள் துணியை எடுத்து, பொங்கலுக்கு முன்பே பிரிண்ட் முடித்து வீட்டில் அடுக்கிவிடுங்கள். கமிட்டியிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

புது ஹீட் பிரஸ்ஸுக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் குழுக்கள் ராத்திரியிலும் நடக்கின்றன, ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் வினைல் ரோலாகக் கிடைக்கிறது. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, முதுகில் குழுப் பெயருக்குக் கீழே ஒரு பட்டை ஒட்டிக் கொடுங்கள். ஒரு பீஸை ராத்திரி வாசலில் தொங்கவிட்டு, பைக் ஹெட்லைட் அடித்துக் கமிட்டிக்காரர்களுக்குக் காட்டுங்கள். அதற்கு எவ்வளவு கூட்டிக் கேட்கலாம் என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.